சேற்றின் மேல் ஒரு தண்டவாளம்: வட சிலாங்கூர்த் தோட்டங்களும் குறுகிய இருப்புப்பாதையும்

கோலசிலாங்கூர் வட்டாரத்தில் புக்கிட் பெலிம்பிங் என்று ஓர் இடப்பெயர் உண்டு. மலாய் மொழியில் புக்கிட் என்பது குன்று. பெலிம்பிங் என்பது நட்சத்திரப் பழம். பெயரில் குன்று இருந்தாலும் இவ்வட்டாரத்து நிலம் பெரும்பாலும் தாழ்ந்த சமவெளியே. கடலும் சிலாங்கூர் ஆறும் கொண்டுவந்து சேர்த்த களிமண் ஒருபுறம். இலைதழை மக்கிக் கறுத்த சதுப்பு மறுபுறம். வாய்க்கால் வெட்டி நீரை வடித்த பிறகே இம்மண் பயிருக்கு இடங்கொடுத்தது. வடித்த பிறகும், நல்ல மழை பெய்தால் பாரவண்டியின் சக்கரம் அச்சு வரை புதையும்.

இத்தகைய மண்ணிலிருந்து விளைபொருள் எவ்வாறு ஆலைக்குப் போய்ச் சேர்ந்தது? மலாயாத் தமிழர் வரலாற்றைப் பேசும் நூல்கள் கங்காணி முறையைப் பற்றியும், லயத்து வாழ்க்கையைப் பற்றியும், கோயிலையும் பள்ளியையும் பற்றியும் நிறையச் சொல்கின்றன. மரத்திலிருந்து ஆலை வரை பாரத்தை நகர்த்தியவர் யார், எதைக் கொண்டு நகர்த்தினார் என்ற கேள்விக்கு அவற்றில் சில வரிகளே கிடைக்கின்றன. தோட்டத்தின் நாடித்துடிப்பு அந்தப் போக்குவரத்தில்தான் இருந்தது என்பது நம் கருத்து. ஆகவே இவ்வுரையில் குறுகிய இருப்புப்பாதை என்னும் எளிய கருவியின் வரலாற்றைப் பின்தொடர்ந்து செல்வோம். அது தொடங்கும் இடம் மலாயா அன்று. பிரான்சு நாட்டில் ஒரு கிழங்கு வயல்.

பாரிசு நகருக்குத் தெற்கே, பெத்தி-பூர்க் என்னும் ஊரில் டெக்கோவில் குடும்பத்துக்குப் பெரும் பண்ணை ஒன்று இருந்தது. அங்கே சர்க்கரை பீட்ரூட் பயிரிட்டார்கள். இது நாம் சமையலில் அறிந்த சிவப்புக் கிழங்கு அன்று. வெண்ணிறமான, பருத்த, இனிப்பு மிகுந்த இனம். 1875-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் மழை விடாமல் பெய்தது. ஆயிரக்கணக்கான டன் கிழங்கு வயலிலேயே கிடந்தது. குதிரை வண்டி உள்ளே போனால் திரும்ப வரவில்லை. பண்ணையின் உரிமையாளர் பால் டெக்கோவில் இதற்கொரு வழி கண்டார். இலேசான இரண்டு தண்டவாளங்களைக் குறுக்கு இரும்புத் தகடுகளில் பொருத்தி, ஏணி போன்ற துண்டுகளாகச் செய்தார். ஒரு துண்டை இருவர் தூக்கிச் செல்லலாம். சேற்றின் மேல் அப்படியே கிடத்தி, ஒன்றின் முனையை மற்றொன்றுடன் கோத்துவிட்டால் பாதை ஆயிற்று. ஒரு பாத்தி முடிந்ததும் கழற்றி அடுத்த பாத்திக்கு எடுத்துச் செல்லலாம். தச்சர் வேண்டா, சரளைக்கல் வேண்டா, பொறியாளரும் வேண்டா.

இந்த ஏணியின் சூட்சுமம் எளிதானது. சக்கரம் நேரே மண்ணில் அழுந்தினால் முழுப் பாரமும் கையகல இடத்தில் இறங்குகிறது. தண்டவாளத்தில் உருண்டால் அதே பாரம் பல குறுக்குத் தகடுகளுக்குப் பகிர்ந்தளிக்கப்படுகிறது. மேலும், இரும்பின் மேல் இரும்பு உருளும்போது உராய்வு மிகக் குறைவு. சேற்றுப் பாதையில் ஒரு மாட்டு வண்டி இழுக்கும் பாரத்தைப் போலப் பன்மடங்கைச் சமதளத்தில் ஓரிருவர் தள்ளிச் செல்ல முடியும்.

டெக்கோவில் விரைவிலேயே உழவைக் குறைத்துக்கொண்டு தண்டவாள உற்பத்தியில் இறங்கினார். 400, 500, 600 மில்லிமீட்டர் என அகலங்கள் வகுக்கப்பட்டன. 1889-ஆம் ஆண்டு பாரிசு உலகக் கண்காட்சியில் அவருடைய 600 மில்லிமீட்டர் பாதையில் ஆறு மாதங்களுக்குள் 60 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பயணம் செய்தார்கள். விளையாட்டுப் பொருள் போல் தோன்றிய அந்த வண்டி கண்காட்சிக்கு வந்த குடியேற்ற நாட்டு முதலாளிகளின் கண்ணில் வேறுவிதமாகப் பட்டிருக்க வேண்டும். ஜெர்மனியில் 1876-இல் தொடங்கிய ஓரென்ஸ்டைன் கோப்பல் நிறுவனமும், இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்து ஜான் ஃபவுலர் நிறுவனமும் இதே வகைப் பாதைகளையும் சிறு நீராவி எந்திரங்களையும் செய்து உலகெங்கும் அனுப்பின. ஜாவாவின் கரும்பாலைகள், குயின்ஸ்லாந்து, மொரீசியஸ், பீஜி என்று கரும்பு விளைந்த இடமெல்லாம் அப்பாதை நீண்டது.

இங்கே நாம் சற்று நிற்க வேண்டும். கிழங்கு வயலின் சேற்றுக்காகப் பிறந்த கருவி கரும்புக்கும் துணை செய்தது. ஆனால் அதே கிழங்குதான் கரும்பின் பகைவனாகவும் இருந்தது. ஐரோப்பிய அரசுகள் தம் நாட்டுப் பீட்ரூட் சர்க்கரைக்கு ஏற்றுமதி மானியம் வழங்கின; உற்பத்தி பெருகிற்று; 1884-இல் உலகச் சந்தையில் சர்க்கரை விலை சரிந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் உலகச் சர்க்கரையில் பாதிக்கு மேல் கிழங்கிலிருந்தே கிடைத்தது. 1902-இல் பிரசல்ஸ் நகரில் கூடிய நாடுகள் மானியத்தை நிறுத்த உடன்பட்டபோது, பல கரும்புத் தோட்டங்களுக்கு அது காலங்கடந்த மருந்தாகிவிட்டது.

அவ்வாறு நலிந்தவற்றுள் நம் மலாயாவின் கரும்புத் தோட்டங்களும் அடங்கும். இன்று செபராங் பிறை என வழங்கும் பழைய புரொவின்ஸ் வெல்லெஸ்லியில், பத்து காவான் முதலிய இடங்களில் சீனர் தொடங்கிய கரும்புப் பயிரை, 1840-களிலிருந்து ஐரோப்பிய முதலாளிகள் பெருந்தோட்டமாக்கினர். நிபோங் தெபால் பகுதியிலும், பேராக் மாநிலத்துக் கிரியானிலும் அது பரவியது. கோல கூலா என்ற ஊர்ப்பெயரில் உள்ள கூலா என்னும் சொல் மலாய் மொழியில் சர்க்கரையைக் குறிக்கும். தமிழகத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்தோரில் பெரும் பகுதியினர் முதலில் இறங்கியது இந்தக் கரும்புக் காட்டில்தான். ரப்பர் மரத்துக்கு முன்னரே நம் முன்னோர் வாய்க்காலில் இறங்கிச் சேறு வாரியதும், வெட்டிய கரும்பைத் தலையிலும் படகிலும் ஏற்றியதும் இங்கேதான். பீஜித் தீவின் கரும்புத் தோட்டத்துத் துயரைப் பாரதியார் பாடியதால் அது தமிழுலகம் முழுதும் தெரிந்த செய்தியாயிற்று. நம் வீட்டு வாசலில் இருந்த கரும்புக் காட்டைப் பாட ஒருவர் வாய்க்கவில்லை. மாணவர் பலருக்கு அப்படியொன்று இருந்ததே தெரியாது.

கரும்புக்கு ஒரு குணம் உண்டு. வெட்டியதும் அதனுள் இருக்கும் சர்க்கரை கெடத் தொடங்கும்; ஒரு நாள் இரண்டு நாளுக்குள் ஆலையில் பிழிந்தாக வேண்டும். பாரமும் அதிகம், ஒரு டன் சர்க்கரை எடுக்கச் சுமார் பத்து டன் கரும்பு தேவை. பாரமானது, விரைவில் கெடுவது: இவ்விரண்டும் சேர்ந்த விளைபொருளுக்குத்தான் வயலுக்குள் நீளும் பாதை இன்றியமையாதது. மலாயாவின் கரும்பு நிலங்களில் முதலில் வாய்க்காலே பாதையாக இருந்தது. வடிகாலுக்கு வெட்டிய நீர்வழியில் தட்டைப் படகுகள் கரும்பைச் சுமந்தன. பின்னர் இலகு தண்டவாளங்களும் அதனோடு சேர்ந்தன. ஆயினும் இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் ரப்பர் விலை ஏறவே, முதலாளிகள் கரும்பைப் பிடுங்கிவிட்டு ரப்பர் நட்டனர். 1910-இல் இந்தியத் தொழிலாளருக்கான ஒப்பந்த முறை முடிவுக்குக் கொண்டுவரப்பட்டது. முதல் உலகப் போர் தொடங்கும் காலத்தில் கரும்பு ஏறக்குறைய மறைந்தேவிட்டது. ஐரோப்பாவின் கிழங்கு வயலில் குறைந்த செலவில் பாரம் நகர்ந்ததற்கும், நிபோங் தெபாலில் ஒரு தமிழ்க் குடும்பம் கரும்பு வெட்டும் கத்தியை வைத்துவிட்டுப் பால்வெட்டும் உளியை எடுத்ததற்கும் இப்படி ஒரு தொடர்பு உண்டு. அது ஒன்றே காரணம் என்று நாம் சொல்லவில்லை. ரப்பரின் இலாபம் அதனினும் வலிய காரணம். ஆனால் தள்ளியது கிழங்கு, இழுத்தது ரப்பர்.

இனி வட சிலாங்கூருக்கு வருவோம். இவ்வட்டாரத்தின் பெருந்தோட்ட வரலாறு பெரிதும் ரப்பரோடு தொடங்குகிறது. கித்தா என்று நம் மக்கள் மலாய்ச் சொல்லைத் தமிழாக்கி வழங்கிய ரப்பருக்குக் கரும்பைப் போன்ற பாரம் இல்லை. அக்காலத்தில் ஓர் ஏக்கர் ஆண்டு முழுதும் தந்தது சில நூறு இராத்தல் உலர்ந்த ரப்பர். பால் விரைவில் உறையும் என்பது உண்மையே. ஆனால் வாளியையும் காண்டாவையும் தோளில் சுமந்து கொட்டகைக்குக் கொண்டுவர ஆட்கள் இருந்தார்கள். மனிதத் தோள் மலிவாகக் கிடைக்குமிடத்தில் தண்டவாளத்துக்கு யார் செலவிடுவார்? ஆகவே ரப்பர்த் தோட்டங்களில் இலகு பாதை இருந்த இடமும் உண்டு, இல்லாத இடமும் உண்டு. எங்கும் அது உயிர்நாடியாகவில்லை. தோட்டத்துக்கு வெளியே, அரசு ரயில்துறை இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கிள்ளான் பக்கத்திலிருந்து கோலசிலாங்கூருக்கு மீட்டர் அகலக் கிளைப்பாதை ஒன்றைப் போட்டது. உலகப் பொருளாதார மந்தம் வந்தபோது, 1930-களின் தொடக்கத்தில் அது மூடப்பட்டது. சாலையும் லாரியும் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டன.

நிலைமையை மாற்றியது செம்பனை. 1917-இல், இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தை அருகே, மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் நடப்பட்டது. நட்டவர் ஹென்றி ஃபோகொன்னியே என்னும் பிரெஞ்சுக்காரர். பின்னாளில் மலாயா வாழ்வைக் குறித்து எழுதிய நாவலுக்காக 1930-இல் பிரான்சின் கொன்கூர் பரிசைப் பெற்றவர். அத்தோட்டத்தின் பெயர் தென்னமரம். ஆங்கில எழுத்தில் எழுதி எழுதி அதன் ஒலி சற்றுத் திரிந்திருந்தாலும் தமிழ்க்காதுக்கு அது நம் தென்னை மரமே. நாட்டின் மிகப் பெரிய பயிர்த்தொழில் ஒன்று தமிழ்ப்பெயர் தாங்கிய நிலத்தில் வேரூன்றியது என்பதை ஆசிரியர்கள் வகுப்பில் சொல்லலாம். செம்பனைத் தோட்டத்துக்குத் தென்னையின் பெயர் எவ்வாறு பொருந்தும் என்று ஒரு மாணவராவது கேட்பார். பாடம் அங்கிருந்து தானே நடக்கும்.

செம்பனைக் குலை கரும்பின் குணங்களை அப்படியே கொண்டது. ஒரு குலை பத்துக் கிலோவிலிருந்து இருபத்தைந்து கிலோ வரை, சில வேளை அதற்கு மேலும் எடையிருக்கும். ஓர் ஏக்கர் ஆண்டுக்குச் சில டன் குலை தரும். ஒரு டன் எண்ணெய்க்கு ஏறத்தாழ ஐந்து டன் குலை. வெட்டிய கணத்திலிருந்து பழத்தினுள் நொதிப்பு தொடங்கி எண்ணெயில் கொழுப்பமிலம் ஏறும்; அடிபட்டால் இன்னும் விரைவாக ஏறும். இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போனால் நல்லது. ஆலையில் முதல் வேலை, குலையை நீராவியில் வேகவைத்து அந்த நொதிப்பை நிறுத்துவதே. கரும்பு மறைந்த நாட்டில், கரும்பின் தேவை வேறு உருவில் திரும்பி வந்தது. அதனுடன் குறுகிய இருப்புப்பாதையும் உறுதியான இடத்தைப் பெற்றது.

இதற்குச் சிறந்த சான்று வட சிலாங்கூரின் எல்லைக்கு அப்பால், பேராக் மாநிலத்துத் தெலுக் இந்தான் பக்கம் உள்ளது. 1906-இல் ஓகே வெஸ்தன்ஹோல்ஸ் என்னும் டென்மார்க்குப் பொறியாளர் தொடங்கிய ஜெண்டராத்தா தோட்டம், யுனைட்டெட் பிளான்டேஷன்ஸ் நிறுவனமாக வளர்ந்தது. அங்கே 700 மில்லிமீட்டர் அகல இலகு ரயில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்குப் போடப்பட்டு, செம்பனைக் குலைகளைச் சுமந்து வருகிறது. ஜாவாவின் கரும்பாலைகளிலும் 700 மில்லிமீட்டர் பரவலாக வழங்கிய அகலமே. மற்ற நிறுவனங்கள் தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு டிராக்டருக்கும் லாரிக்கும் மாறிய பின்னரும் அங்கே அது நிலைத்ததற்கு மண்ணே முதற்காரணம் எனலாம். கடலோரக் களிமண்ணில் லாரி தாங்கும் சாலை போடக் கல்லும் செம்மண்ணும் தொலைவிலிருந்து வரவேண்டும். போட்ட சாலையும் அமிழும். தண்டவாளமோ மண்ணை அதிகம் அழுத்துவதில்லை. பழமும் கூண்டில் ஏற்றியது ஏற்றியபடியே ஆலைக்குள் போவதால் அடிபடுவது குறைவு. 1875-இல் டெக்கோவில் கண்ட அதே நியாயம்.

பாதையைப் பற்றி இவ்வளவு சொல்ல முடிகிறது. எந்திரம் எந்த ஆலையில் செய்யப்பட்டது, எத்தனை குதிரைத்திறன், எந்த ஆண்டு கப்பலேறியது என்பவற்றைப் பதிவுசெய்யும் ஆர்வலர் குழுக்கள் ஐரோப்பாவில் உண்டு. அவர்கள் உழைப்பை மதிக்கிறோம். ஆனால் அப்பட்டியல்களில் எந்திரத்துக்கு எண் இருக்கும். தண்டவாளத்தைத் தோளில் சுமந்தவனுக்குப் பெயர் இராது. நீராவி எந்திரம் வருமுன்னும், வந்த பின் அது எட்டாத கிளைப்பாதைகளிலும், பெட்டியை நகர்த்தியவை மனிதக் கையும் மாடும் எருமையுமே. மழையில் அமிழ்ந்த கட்டையை நெம்பி எடுத்து மண் கொட்டி நிமிர்த்துவது ஒரு நாள் வேலை அன்று, ஓயாத வேலை. தடம் புரண்ட பெட்டியைத் தோள்கொடுத்து ஏற்ற வேண்டும். பெரட்டில் பெயர் கூப்பிட்டு, கங்காணியோ தண்டலோ பிரித்துவிட்ட வேலைகளுள் இதுவும் ஒன்று. கிராணியின் செக்ரோலில் அது நாட்கூலியாகப் பதிவாயிற்று, வரலாற்றில் பதிவாகவில்லை.

தோட்டத்தில் எது யாரைச் சுமக்கும் என்பது எப்போதும் அதிகாரத்தைப் பற்றிய கேள்வியாகவே இருந்தது. 1941-இல் கிள்ளான் வட்டாரத்தில் தொடங்கி சிலாங்கூரின் பிற பகுதிகளுக்கும் பரவிய தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை இங்கு நினைவுகூர வேண்டும். ஆர். எச். நாதன் முதலியோர் முன்னின்ற அப்போராட்டத்தின் கோரிக்கைகளில் கூலி உயர்வு இருந்தது, மருத்துவ வசதி இருந்தது, கள்ளுக்கடையை மூடுவது இருந்தது. துரையையோ அலுவலரையோ எதிர்ப்பட்டால் தொழிலாளி சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிப்பதும் அவற்றுள் ஒன்று. பாரத்தை நகர்த்துவதற்குப் பிரான்சிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் கருவி வந்தது. பாரத்தை நகர்த்தியவன் தன் சொந்தச் சைக்கிளில் அமர்ந்து போகப் போராட வேண்டியிருந்தது. அப்போராட்டம் படைபலத்தால் ஒடுக்கப்பட்டது, தொழிலாளர் உயிரிழந்தனர், நாதன் நாடு கடத்தப்பட்டார்.

அடுத்த ஆண்டே ஜப்பானிய ஆட்சி வந்தது. சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் பாதை போட மலாயாவிலிருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். பல்லாயிரவர் திரும்பவில்லை. அப்பாதைக்குத் தேவையான தண்டவாளத்தில் ஒரு பகுதி மலாயாவின் கிழக்குக்கரைப் பாதையிலிருந்தும் மலாக்காக் கிளையிலிருந்தும் பெயர்த்தெடுக்கப்பட்டதே. ரயில் என்றதும் தோட்டத்து முதியோர் நினைவில் முதலில் எழுவது அந்த மரணப் பாதையாக இருப்பது இயல்பு. அப்பெருந்துயரின் நிழலில் வீட்டுப்பக்கத்துச் சிறு பாதையின் நினைவு ஒளியிழந்ததில் வியப்பில்லை.

போருக்குப் பின் மாற்றம் விரைந்தது. டிராக்டரும் லாரியும் மலிந்தன. பெரும் தோட்டங்கள் சில துண்டாடப்பட்டன. 1960-களிலிருந்து ரப்பர் மரங்கள் வீழ்த்தப்பட்டுச் செம்பனை பரவியபோது, புதிய தோட்டங்கள் பெரும்பாலும் சாலையை நம்பியே அமைந்தன. பாதைகள் பெயர்க்கப்பட்டுப் பழைய இரும்பாயின. ஆனால் ஆலைக்குள் மட்டும் தண்டவாளம் தங்கிவிட்டது. பழைய முறையில் இயங்கும் எந்தச் செம்பனை ஆலைக்குச் சென்றாலும், லாரியிலிருந்து கொட்டிய குலைகள் சக்கரம் பூட்டிய இரும்புக் கூண்டுகளில் நிரப்பப்பட்டு, குறுகிய தடத்தில் உருண்டு, நீண்ட உருளை போன்ற நீராவிக் கலத்துக்குள் வரிசையாக நுழைவதைக் காணலாம். ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் வெந்தபின் மறுபுறம் வெளிவரும். வயலிலிருந்து ஆலை வரை நீண்டிருந்த பாதையின் கடைசிச் சில அடிகள் அவை.

மாணவர்கள் செய்யக்கூடிய ஒரு வேலையைச் சொல்லி முடிக்கிறோம். தோட்டப்புறத்தில் பழைய தண்டவாளத் துண்டு வாய்க்கால் பாலத்துக்கோ வேலிக்கோ தூணாக நிற்பதைக் கண்டால், துருவைத் துடைத்து அதன் நடுப்பகுதியைப் பாருங்கள். செய்த ஆலையின் பெயரும் ஆண்டும் புடைப்பெழுத்தில் இருக்கக் கூடும், அதைப் படியெடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு தண்டவாளமும் இடம் பெயராமல் இருந்தால் உட்புற இடைவெளியை அளந்து குறியுங்கள்: 600-ஆ, 610-ஆ, 700-ஆ? பிறகு அருகில் உள்ள லயத்தில் எண்பது வயதைக் கடந்த பாட்டியோ தாத்தாவோ இருந்தால் அமர்ந்து கேளுங்கள். அந்தப் பெட்டியை அவர்கள் என்ன பெயரால் அழைத்தார்கள், எத்தனை பேர் தள்ளினார்கள், மேட்டில் ஏறும்போது என்ன சொல்லித் தள்ளினார்கள் என்று கேட்டு, சொல்லும் சொல்லை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.